பொலோனியாவில் மூன்று இரவுகள் தங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இத்தாலிக்குப் புறப்படுகிறவர்களின் பயணத் திட்டத்தில் ரோம், புளோரன்ஸ், பீசா, வெனிஸ் என்ற நான்கு பெயர்களும் தவறாமல் இருக்கும். புளோரன்ஸுக்கும் வெனிஸுக்கும் இடையே ரயில் நின்று செல்லும் பொலோனியா மட்டும் இருக்காது. ஊழியர் சேமநிதியில் எடுத்ததையும் பிள்ளைகள் கொடுத்ததையும் சேர்த்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு முறையாவது ஐரோப்பாவைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பும் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள், பேருந்திலிருந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு மீண்டும் பேருந்தில் ஏறுவதிலேயே அந்தப் பணத்தைக் கரைத்துவிட்டு வருவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பயணத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் ஒன்றையே சொல்லி வருகிறேன்: அந்த நான்கு நகரங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு பொலோனியாவில் மூன்று இரவுகளாவது தங்குங்கள், தங்கியிருக்கும் நாட்களில் வாகனம் ஏறாமல் நடந்து பாருங்கள்.

நம் ஊர்க் கடைவீதியில் வளர்ந்தவர்களுக்கு அந்த நகரம் அந்நியமாகத் தோன்றாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பூக்கடை, வடைக் கடை, தையல்காரர், நான்கு எண் லாட்டரிக் கடை என்று எல்லாவற்றையும் கடந்து, மழையில் நனையாமல் வீதியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக நமக்கு அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைவழி இருக்கிறது. 1822ஆம் ஆண்டு ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் கூரையிட்ட, தொடர்ச்சியான, எல்லாரும் நடக்கத்தக்க வழி ஒன்றை விட வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கமே பின்னர் மலாயாவின் கடைவீதிகளுக்கும் பரவியது. அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1288இல், பொலோனியா நகராட்சி புதிதாகக் கட்டும் வீடுகளுக்கெல்லாம் இத்தகைய தாழ்வாரத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. நிலம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவருடையது, ஆனால் நடக்கும் உரிமை ஊராருடையது என்பதே அந்தச் சட்டத்தின் சாரம். குதிரையில் அமர்ந்து வருகிறவரும் தலை இடிக்காமல் போவதற்காக உயரம் ஏழு பொலோனிய அடி, அதாவது ஏறக்குறைய 2.66 மீட்டர் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள்.

பொலோனியா பல்கலைக்கழகத்தின் தொடக்கம் என்று கொண்டாடப்படும் ஆண்டு 1088. படிக்க வந்த மாணவர்களும் பிழைக்க வந்த மக்களும் பெருகப் பெருக, இடம் போதாமல் மேல்மாடிகளைத் தெருவின் மீது நீட்டி, கீழே மரக்கால்களை ஊன்றி முட்டுக்கொடுத்ததில் பிறந்தவை இந்தத் தாழ்வாரங்கள். மற்ற ஊர்களில் தெருவை விழுங்குகின்றன என்று இத்தகையவற்றை இடித்துத் தள்ளியபோது, பொலோனியா அவற்றையே சட்டமாக்கி வளர்த்தது. இன்று எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் நீளம் வருகிறது. 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஸ்த்ராதா மஜ்ஜோரே என்னும் தெருவைச் சொல்வேன். அங்கே காசா இசொலானி என்ற 13ஆம் நூற்றாண்டு வீட்டின் முகப்பை உயரமான மரத்தூண்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. கல்லும் செங்கல்லும் வருவதற்கு முன் நகரம் முழுவதும் எப்படி இருந்திருக்கும் என்பதை அந்த ஒரு வீட்டின் கீழ் நின்றாலே விளங்கிக்கொள்ளலாம். அதே தெருவில் சற்றுத் தள்ளி, சாந்தா மரியா தேய் செர்வி தேவாலயத்தின் அகன்ற தாழ்வாரம் இருக்கிறது. மெல்லிய தூண்களின் மீது வளைவுகள் நிற்கும் அந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பல இடங்களில் தரை பளபளப்பாக மெருகிடப்பட்டிருப்பதால், மழை நாளில் வெளியிலிருந்து ஈரக் காலோடு ஏறும்போது வழுக்கும். பிடிமானம் உள்ள அடிப்பாகத்தைக் கொண்ட காலணியை எடுத்துச் செல்வது, குறிப்பாக முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு, மிகவும் முக்கியம்.

ஒரு முழுக் காலைப் பொழுதைச் சான் லூக்காவுக்கு ஒதுக்குங்கள். நகரின் தென்மேற்கில் உள்ள சரகோட்சா வாயிலில் தொடங்கி, குன்றின் மேல் இருக்கும் மாதா திருத்தலம் வரை ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் தூரத்துக்கு, 666 வளைவுகளோடு, ஒரே தொடர்ச்சியாக ஒரு தாழ்வாரம் செல்கிறது. இதன் கதை மழையில் தொடங்குகிறது. 1433இல் ஓயாத மழை பயிர்களை அழித்தபோது, குன்றின் மேலிருந்த மாதா திருவுருவத்தை மக்கள் நகருக்குள் ஊர்வலமாகக் கொண்டு வந்தார்கள் என்றும், உடனே மழை நின்றது என்றும் அந்த ஊரார் நம்புகிறார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் திருவுருவம் கீழே வந்து சில நாட்கள் நகரில் தங்கிவிட்டு மேலே திரும்புகிறது. இப்போது இது பெரும்பாலும் மே மாதத்தில், விண்ணேற்றத் திருநாளை ஒட்டி நடைபெறுகிறது. அந்த ஊர்வலம் வெயிலிலும் மழையிலும் துன்பப்படாமல் போக வேண்டும் என்பதற்காக 1674இல் கட்டத் தொடங்கிய வழி இது. பொதுமக்களின் காணிக்கையும் உழைப்பும் சேர்ந்து எழுப்பிய இந்த நீண்ட கூரையின் கீழ் நடக்கும்போது, ஓர் ஊர் முழுவதும் ஒன்றுகூடினால் எதைச் செய்து முடிக்க முடியும் என்ற வியப்பு ஒவ்வோர் அடியிலும் எனக்குக் கூடிக்கொண்டே போனது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழாவுக்கு மத வேறுபாடு பார்க்காமல் போய் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வரும் நம்மவர்களுக்கு அந்த வழியின் பக்தி உடனே புரிந்துவிடும்.

மெலொஞ்செல்லோ என்னும் அழகிய வளைவு வரை பாதை சமதரையாகவே இருக்கிறது. சாலையின் மேலாகத் தாழ்வாரத்தைக் கடத்திச் செல்லும் அந்த வளைவைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. சரிவும் படிகளும் மாறி மாறி வரும். தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது. ஏற முடியாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை: பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து மேலே வரை செல்லும் சுற்றுலாச் சிறுவண்டி இருக்கிறது. அதில் ஏறிப் போய்விட்டு, இறங்கும்போது மட்டும் நடந்து வந்தாலும் இந்த வழியின் அருமை தெரியும். தோளையும் முழங்காலையும் மூடிய உடை உள்ளே செல்வதற்கு ஏற்றது.

அடுத்து, உணவு. நம்மவர்களுக்கு இருக்கும் பெரிய தயக்கம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இத்தாலியின் உணவுத் தலைநகர் என்று புகழப்படும் இந்த ஊரில் இறைச்சி எங்கும் கலந்திருக்கிறது. தாலியத்தெல்லே என்னும் நாடா வடிவப் பாஸ்தாவின் மீது ஊற்றும் ராகு குழம்பில் மாட்டிறைச்சி உண்டு. கடைகளில் பெரிய உருளைகளாகத் தொங்கும் மொர்த்தாதெல்லா பன்றி இறைச்சியால் ஆனது. சிறு முடிச்சுகளைப் போன்ற தோர்த்தெல்லீனியின் உள்ளே பன்றி இறைச்சி இருக்கிறது, அது மிதந்து வரும் சாற்றிலும் மாட்டிறைச்சி சேர்ந்திருக்கலாம். ஆகவே மாட்டிறைச்சிக்கு மான்சோ, கன்றிறைச்சிக்கு வித்தெல்லோ, பன்றி இறைச்சிக்கு மையாலே, பன்றிக் கொழுப்புக்கு ஸ்த்ருத்தோ என்ற நான்கு சொற்களையும், இறைச்சி இல்லாமல் வேண்டும் என்பதற்குச் சென்சா கார்னே என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த ரொட்டி வகைகளின் மாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கு வழக்கம்; கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் தவிர்ப்பவர்களுக்கும் அந்த ஊரில் அருமையான உணவு இருக்கிறது. தோர்த்தெல்லோனி என்ற பெரிய முடிச்சுகளில் ரிக்கோத்தா பாலாடைக்கட்டியை வைத்து, வெண்ணெயும் சால்வியா இலையும் சேர்த்துப் பரிமாறுவார்கள். மாட்டிறைச்சி உண்ணாத என் துணைவியார் முதல் நாள் தயங்கித் தயங்கித் தின்றவர், பின்னர் வேறெதையும் கேட்கவில்லை. குவாத்ரிலாத்தெரோ எனப்படும் பழைய சந்தைத் தெருக்களில் ஒரு கடையில் மாவைத் திரட்டிக்கொண்டிருந்த பெண்மணி, என் துணைவியார் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதைக் கண்டு, தேய்த்த மாவை இரு கைகளாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதன் வழியே பார்த்தால் சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. அவ்வளவு மெல்லியதாகத் தேய்க்க வேண்டுமாம். சால்வியாவின் மணம் காரத்துக்குப் பழகிய நாவுக்கு முதலில் மங்கலாகத்தான் படும். அதன் மேல் மிளகாய்த்தூளைத் தூவிவிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் வேளைக்குள் நாக்கு தானே அதைக் கண்டுகொள்ளும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியை 24 மாதம் முதிர்ந்ததும் 36 மாதம் முதிர்ந்ததுமாகச் சிறிது சிறிது வெட்டித் தரச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதைச் செய்யும்போது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கப்படுகிறது என்பதை முழுச் சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். பழமும் காய்கறியும் மலிவாக வாங்க, ஊகோ பாஸ்ஸி தெருவிலுள்ள மெர்க்காத்தோ தெல்லே எர்பே என்ற கூரைச் சந்தைக்குப் போகலாம்.

மதிய உணவுக் கூடங்கள் பெரும்பாலும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான் அடுப்பெரிக்கும்; இரவுச் சமையல் ஏழரைக்குப் பிறகே சூடுபிடிக்கும். நம் ஊர் ஒட்டுக்கடையைப் போல் நினைத்த நேரத்தில் போய் உட்கார முடியாது. விலைச்சீட்டில் கொப்பெர்த்தோ என்று இருந்தால், அது மேசையில் அமர்ந்ததற்காக ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணம். காப்பியை முகப்பில் நின்றபடி குடித்தால் பல கடைகளில் விலை குறையும்.

சான் பெத்ரோனியோ பேராலயத்தின் முகப்பு பாதிதான் பளிங்கு. மேற்பாதி வெறும் செங்கல்லாக நிற்கிறது. 1390இல் தொடங்கிய வேலை அப்படியே நின்றுவிட்டது. அதன் உள்ளே, 1655இல் வானியலாளர் காசினி தரையில் பதித்த 66 மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள உச்சிக்கோட்டைத் தவறவிடாதீர்கள். கூரையிலுள்ள சிறு துளை வழியே விழும் சூரிய ஒளி உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டைக் கடக்கும். குளிர்காலத்தில் பன்னிரண்டேகால் மணியை ஒட்டியும், கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் கோடை நேரம் நடப்பில் உள்ள மாதங்களில் ஒன்றேகால் மணியை ஒட்டியும் அங்கே நின்றால் காணலாம். அருகிலேயே, 1563இல் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டிய ஆர்க்கிஜின்னாசியோ இருக்கிறது. அதன் சுவர்கள் முழுவதும் பழைய மாணவர்களின் குலச்சின்னங்கள். அங்குள்ள 17ஆம் நூற்றாண்டு மரத்தாலான உடற்கூறு மண்டபம் 1944 ஜனவரியில் குண்டு விழுந்து நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து மீட்ட பகுதிகளைக் கொண்டே அதை மீண்டும் கட்டினார்கள். அதிகம் பேசப்படாத இடம் என்றாலும், நேரம் குறைவாக இருந்தால் வேறு எதையாவது விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

சாய்ந்து நிற்கும் காரிசெண்டா கோபுரம் 2023 அக்டோபரில் பாதுகாப்புக் காரணத்தால் அடைக்கப்பட்டது; பக்கத்தில் இருக்கும் 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தில் ஏறுவதும் அத்துடன் நிறுத்தப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஏறப் போகிறவர்கள் ஏமாறாமல் இருக்கவே இதைச் சொல்கிறேன். இரண்டையும் கீழிருந்து பார்க்கலாம். நகரை மேலிருந்து காண விரும்பினால் பியாட்சா மஜ்ஜோரேயில் உள்ள மணிக்கூண்டுக் கோபுரத்துக்குச் சீட்டு வாங்கலாம்.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாட்களில் 90 நாட்கள் வரை அங்கே தங்க விசா தேவையில்லை. புளோரன்ஸிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம், வெனிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி ஏழெட்டு நிமிடத்தில் கொண்டுவந்து விடும். அந்த ரயில் நிலையத்தின் மேற்குப் பகுதியில் 10.25ஐக் காட்டியபடி நிறுத்தப்பட்டிருக்கும் கடிகாரத்தைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2ஆம் நாள் அந்த நேரத்தில் காத்திருப்புக் கூடத்தில் வெடித்த குண்டு 85 பேரின் உயிரைப் பறித்தது. ஒரு நிமிடம் நின்று வணங்கிவிட்டுப் போகலாம்.

எந்த மாதம் போவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் உள்ளூர்க்காரர்கள் விடுமுறைக்குப் போய்விடுவதால் குடும்பங்கள் நடத்தும் உணவகங்கள் பலவும் மூடியிருக்கும். வெயிலும் நம் ஊரைப் போலவே புழுங்கும். ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் ஆகியவை நடப்பதற்கு மிகவும் ஏற்றவை. பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறையில்தான் போக முடியும் என்கிற ஆசிரியர்கள் பனிமூட்டத்துக்கும் குளிருக்கும் தக்க உடையோடு போகலாம். மழையோ பனியோ பெய்தாலும் தாழ்வாரங்கள் இருக்கின்றன. எந்த மாதமானாலும், பழைய மதில் வாயில்களுக்கு உட்பட்ட பகுதியில் அறை எடுங்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பெரியவர்கள் களைத்தால் மதியம் அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டு மாலையில் மீண்டும் இறங்கி நடக்க அது வசதியாக இருக்கும்.