செம்பு மட்டும் போகாது

"பழைய இரும்பை உருக்கிச் செய்த கம்பிதானே, புது இரும்பு மாதிரி வருமா?" உருக்காலை ஆய்வகத்தில் வேலை என்று சொன்னதுமே என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. துருப்பிடித்த கேட்டும் நசுங்கிய கார் கதவும் யார்டில் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது?

பழைய இரும்பை மின்பொறியின் சூட்டில் உருக்கும் மின்வில் உலை 1600 டிகிரியைத் தொட்டுவிட்டால் கேட்டும் இல்லை, கதவும் இல்லை. துரு, பெயின்ட், பல வருஷம் சுமை தாங்கிய களைப்பு எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். சிலிக்கானையும் கூடுதல் கார்பனையும் ஆக்சிஜன் ஊதி எரித்துவிடலாம். பாஸ்பரஸைச் சுண்ணாம்புக் கசடில் பிடித்து வழித்துவிடலாம். சொல்லப்போனால், தாதுவிலிருந்து எஃகு செய்பவர்களும் கன்வெர்ட்டரில், அதாவது ஆக்சிஜன் ஊதி இரும்பை எஃகாக்கும் கலனில், கொஞ்சம் ஸ்கிராப் (பழைய இரும்பு) போடத்தான் செய்கிறார்கள். நைட்ரஜன் மட்டும் மின்வில் உலை எஃகில் சற்றுக் கூடுதலாக இருக்கும். கட்டடக் கம்பிக்கு அது பெரிய விஷயமில்லை.

செம்பு அப்படியல்ல. எவ்வளவு ஆக்சிஜன் ஊதினாலும் செம்புக்கு முன்னால் இரும்புதான் எரிந்துபோகும். உள்ளே போன செம்பு உள்ளேயேதான் இருக்கும். வெள்ளீயமும் இதே ரகம்.

இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். புரிந்தது ஒரு இரவு ஷிப்டில். உலையிலிருந்து சோதனைக்கான சாம்பிள், லாலிபாப் வடிவத் துண்டு, வந்தது. தேய்த்து, எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தேன். செம்பு 0.46 சதவீதம் என்றது. எங்களுக்கு வழக்கமாக 0.26-ஐ ஒட்டித்தான் வரும். தேய்த்ததில் கோளாறோ என்று மறுபடி தேய்த்து வைத்தேன், அதே எண். உலை விளிம்புவரை நிறைந்திருந்தது, ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவிலிருந்து நேரடியாக எடுத்த, செம்பு இல்லாத இரும்பு) போட்டு நீர்க்கச் செய்ய இடமில்லை. "கம்பிக்குத்தானே சார், ஓடிடும்" என்றார் உலை மேற்பார்வையாளர். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அது என் தப்புதான்.

மறுநாள் ரோலிங்கில், அதாவது உருக்கை வார்த்த நீளக் கட்டைகளான பில்லெட்டுகளைச் சூடாக்கி உருளைகளுக்கிடையே அழுத்திக் கம்பியாக்கும்போது, முதல் சில பில்லெட்டுகளிலேயே, வற்றிய குளத்துச் சேறு வெடிப்பதுபோல மேற்பரப்பு முழுக்கக் குறுக்கு வெடிப்புகள். ஒரு துண்டை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். வெடிப்பின் இருபுறமும் மெல்லிய செம்மஞ்சள் கோடு. பில்லெட்டைச் சூடாக்கும்போது மேலே இருக்கும் இரும்பு செதிலாகக் கழன்றுவிடும். செம்பு கழலாமல் அடியில் சேர்ந்துகொண்டே போகும். 1085 டிகிரியில் செம்பு உருகிவிடும், பில்லெட்டோ அதைவிடச் சூடு. உருகிய செம்பு இரும்பு மணிகளின் இடுக்குகளில் இறங்குகிறது, உருளை அழுத்தியதும் பிளக்கிறது. கூடவே வெள்ளீயம் இருந்தால் இன்னும் மோசம்.

எங்கிருந்து வந்தது என்று யார்டில் தேடினோம். அதே லோடில் வந்து மிச்சமிருந்த ஒரு பேலை (அழுத்திக் கட்டிய ஸ்கிராப் கட்டு) பிரித்தபோது, உள்ளே நசுங்கிய மோட்டார்கள், சுருள் கம்பியைக்கூட உரிக்காமல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 40 டன் உருக்கில் 0.2 சதவீதம் ஏற 80 கிலோ செம்பு போதும். 40 டன் குவியலுக்குள் 80 கிலோ எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

அதற்கப்புறம் பழசா புதுசா என்று யாராவது கேட்டால், என்ன செய்யப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். தூணுக்குள் போகும் கம்பி என்றால், சோதனையில் தேறிய ஸ்கிராப் எஃகு தாது எஃகுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வளைவு, இழுவை இரண்டிலும் ஒரே மாதிரிதான் நிற்கும். ஆழமாக அழுத்தி வடிவம் எடுக்கும் கார் தகடு என்றால் செம்பு 0.06-க்குள் இருக்க வேண்டும். வெறும் கலப்பு ஸ்கிராப்பை வைத்து அதைத் தொடுவது மிகவும் கஷ்டம், தாதுவிலிருந்து வந்த இரும்பைக் கணிசமாகக் கலந்தாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, திறந்தவெளிப் பாலங்களுக்கான துருத்தாங்கி எஃகில் இதே செம்பை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், வெடிக்காமலிருக்க நிக்கலும் துணைக்கு.

தள்ளிவைத்த பில்லெட்டுகளை என்ன செய்வது? வேறு வழியில்லை, அவையும் இப்போது ஸ்கிராப்தான். வெட்டி, ஹீட்டுக்கு (ஒரு முறை உலையில் உருக்குவது ஒரு ஹீட்) ஒரு டன் வீதம் சுத்தமான இரும்போடு கலந்து, கிட்டத்தட்ட 40 ஹீட்டில் கரைத்து முடித்தோம். ஒவ்வொரு ஹீட்டிலும் செம்பின் எண்ணை நானே நின்று பார்த்தேன்.