காலித் தொட்டி மிதந்த காலை

சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே இரண்டடி தோண்டினாலே தண்ணீர்தான். அப்படி ஒரு இடத்தில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நிலத்தடி சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி, கட்டிக்கொண்டிருந்தோம். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். அடித்தளம் 25 சென்டிமீட்டர் கனம், சுவர்கள் 20. சுவர் வரைக்கும் கான்கிரீட் முடிந்துவிட்டது, மேல் ஸ்லாப் மட்டும் பாக்கி. சுற்றிலும் இரண்டடி இடைவெளியில் பள்ளம் திறந்தே கிடந்தது, அதில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தோம்.

மேஸ்திரி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்: "சார், தொட்டிய காலியா வெக்காதீங்க. நாலடிக்காவது தண்ணி உட்டு வைங்க, இல்லன்னா கெளம்பிடும்." மறுநாள் உள்ளே ஸ்லாப்புக்குச் சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) அடிக்க ஆள் வருகிறார்கள், இப்போது தண்ணீர் விட்டால் அதை இறைக்கவே ஒரு நாள் போய்விடும் என்று நான் தள்ளிப் போட்டேன். 41 டன் கான்கிரீட் எங்கே கிளம்பப்போகிறது என்ற நினைப்பும் இருந்தது.

அன்று ராத்திரி நல்ல மழை, கரண்ட் போனது, மோட்டார் நின்றது. காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி சாய்ந்து நிற்கிறது. வடக்குப் பக்கம் கிட்டத்தட்ட ஒரு அடி மேலே வந்திருந்தது. பிசிசிக்கும் (அடியில் முதலில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) அடித்தளத்துக்கும் நடுவில் விரித்த கறுப்பு பாலித்தீன் ஷீட்டின் ஓரம் சேற்றுத் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது, அதன் வழியாகத்தான் தண்ணீர் அடியில் புகுந்திருக்கிறது. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. மட்டம் பார்க்கும் டியூப் லெவலை, தண்ணீர் நிரப்பிய நீளக் குழாயை எடுத்து, ஒரு முனையைப் பையன் கையில் கொடுத்து வடக்குச் சுவரில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தெற்குச் சுவரில் வைத்து, குழாய்க்குள் தண்ணீர் ஆடி அடங்கும் வரை காத்திருந்து பென்சிலால் கோடு போட்டார். வித்தியாசம் 28 சென்டிமீட்டர்.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான். அடித்தளத்தின் பரப்பு 24 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஒரு டன். 41 டன்னை 24-ஆல் வகுத்தால் சுமார் 1.7 மீட்டர். அதாவது வெளியே தண்ணீர் 1.7 மீட்டரைத் தாண்டினால் தொட்டி தரையை விட்டுவிடும். அன்று பள்ளத்தில் 2 மீட்டர் நின்றிருந்தது, 48 டன் மேல் நோக்கித் தள்ளியிருக்கிறது.

என் மேனேஜரால் இதை ஏற்கவே முடியவில்லை. "சுத்தி இருக்கறது ரெண்டடி சந்துல நிக்கிற தண்ணிப்பா, அது எப்படித் தூக்கும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தச் சந்தில் இருந்த மொத்தத் தண்ணீரே 27 டன்தான் வரும். 27 டன் தண்ணீர் 41 டன் தொட்டியைத் தூக்கிவிட்டது! ஆனால் திரவத்தின் அழுத்தத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது கணக்கே இல்லை, எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு. சந்து இரண்டடியாக இருந்தாலும் இரண்டு அங்குலமாக இருந்தாலும், பக்கத்தில் ஏரியே இருந்தாலும், 2 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஒன்றேதான். மேஸ்திரியின் டியூப் லெவல் வேலை செய்வதும் இதனால்தான், குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது. தினமும் அதைக் கையில் பிடித்தவருக்கு அது பழகியிருந்தது, எனக்குப் பாடமாக மட்டும் இருந்தது. அவர் சொன்ன நாலடித் தண்ணீர் 24 டன். உள்ளே விட்டிருந்தால் மொத்தம் 65 டன் ஆகியிருக்கும், தொட்டி அசைந்தே இருக்காது.

மிதந்த தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் திரும்ப உட்கார்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். உட்காராது. தூக்கிய நொடியிலேயே சேறும் மணலும் அடியில் புகுந்துகொள்ளும், அதன்மேல் கோணலாகத்தான் நிற்கும். மூன்று வாரம் பிரேக்கர் வைத்து உடைத்தோம். தன் கையால் கம்பி கட்டிய சுவரைத் தானே உடைக்க நின்ற ஆட்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுபடி கட்டும்போது அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் இரண்டடி நீட்டினோம். அந்த நீட்டலின் மேல் மண் உட்கார்ந்து தொட்டியை அமுக்கிப் பிடிக்கும். தண்ணீருக்குள் மண்ணின் எடையும் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதைக் கழித்த பிறகும் 30 டன்னுக்கு மேல் கிடைத்தது. தண்ணீர் தரைமட்டம் வரை ஏறினால் தள்ளும் விசை 72 டன், நமக்கு எடை அதைவிட 20 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3370. ஸ்லாப்பையும் சேர்த்துக் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் இது ஸ்லாப் போட்டு, மண் நிரப்பிய பிறகுதான். அதுவரை நடுவில் இருக்கும் நாட்களுக்கு எந்த வரைபடத்திலும் பாதுகாப்பு கிடையாது, ஆபத்து முழுக்க அந்த நாட்களில்தான் இருக்கிறது. நீச்சல் குளத்தை மழைக்காலத்தில் சுத்தம் செய்யக் காலி செய்கிறவர்களுக்கும், ஃபைபர் செப்டிக் டேங்கைக் குழியில் இறக்கிவிட்டு வெறுமனே விட்டுப் போகிறவர்களுக்கும் இதே கதிதான். ஃபைபர் டேங்க் எடை குறைவு, அதற்கு இதைவிடக் குறைந்த தண்ணீரே போதும்.

அந்த மேஸ்திரி இப்போது வேலைக்கு வருவதில்லை, ஊரோடு இருக்கிறார். ஐப்பசியில் மேகம் கறுக்கும்போதெல்லாம் நான் சைட்டுக்கெல்லாம் போன் போடுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "தொட்டியில எத்தனை அடி தண்ணி நிக்குது?" என்றுதான் கேட்கிறேன்.