புது வண்டி, புரட்டாசி 2025

செப்டம்பர் 4
ஜி.எஸ்.டி. முடிவு நேற்று ராத்திரி வந்தாச்சு. 350 சிசி வரைக்குமான பைக்குக்கு வரி 28 சதவீதம் 18 ஆகிறது, அதற்கு மேலே 40. நான் எடுக்கப்போகிற ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 349 சிசி. தப்பித்தது! ஆனால் 22ஆம் தேதியிலிருந்துதான். அட்வான்ஸ் கட்டியிருந்தால் பரவாயில்லை, பில்லை மட்டும் அதற்கு முன்னால் போட விடக்கூடாது. வரி இல்லாத விலை நூறு என்றால், 128 கொடுக்கிற இடத்தில் 118.

செப்டம்பர் 9
ஆடியில் வந்து இறங்கிய வண்டியைத் தலையில் கட்டிவிடுவார்களோ? ஆடியில் யாரும் எடுக்க மாட்டார்கள், அதனால் வண்டி யார்டிலேயே வெயிலிலும் மழையிலும் நிற்கும். பேட்டரி இறங்கும், செயினில் துரு பூக்கும். தயாரிப்பு மாசம் படிவம் 21இல், அதாவது விற்பனைச் சான்றிதழில் இருக்கும், ஆனால் அது கடைசியில் கைக்கு வருகிற காகிதம். பில்லுக்கு முன்னாலேயே சேஸ் நம்பரை வாங்கிக்கொண்டு வண்டியை நேரில் பார்த்துவிட வேண்டும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2225 என்றால் 2025இன் 22ஆவது வாரம்.

செப்டம்பர் 15
ஷோரூமிலிருந்து போன் இல்லை.

செப்டம்பர் 20
திரும்பவும் பேட்டரி. இந்த மாடலில் கிக்கர் கிடையாது. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் 195 கிலோவைத் தள்ள வேண்டியதுதான். மல்டிமீட்டரை எடுத்துப் போகலாம், யார் சிரித்தாலும் சரி. வண்டி ஓடாமல் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிம்மதி. 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லணும்.

செப்டம்பர் 22
பில் இன்றைய தேதியில். 18 சதவீதம்தான், இரண்டு தடவை பார்த்தாச்சு. நவராத்திரி முதல் நாள், ஷோரூமில் நிற்க இடமில்லை. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு ஐந்து வருஷத்துக்கு, சொந்தச் சேதத்துக்கு ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் அதைப் புதுப்பிக்க மறந்துவிடக் கூடாது.

செப்டம்பர் 27
நம்பர் வரவில்லை. நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

அக்டோபர் 1
ஆயுத பூஜை. வண்டி கைக்கு வந்தது. பேட்டரி 12.7 வோல்ட்!

சந்தனம் குங்குமம் டேங்கில், ஹெட்லைட் வளையத்தில் வைக்கலாம். பிரேக் டிஸ்க்கில் வைக்கவே கூடாது. அதைப் பிடிக்கிற பேடில் ஒட்டினால் பிரேக் வழுக்கும். மாலையைக் கிளம்புமுன் கழற்றிவிட வேண்டும், நார் முன்சக்கரத்தில் சுற்றும். கண்ணாடி இரண்டையும் உட்கார்ந்து பார்த்துத் திருப்பணும், ஷோரூம்காரர் வைத்தபடி விடக்கூடாது. சாவி போட்டதும் எரிகிற ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கு, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்தபிறகே அணையும். சைடு ஸ்டாண்டு கீழே இருக்கையில் கியர் போட்டால் இஞ்சின் நின்றுவிடும், அது கோளாறு இல்லை. சைலன்ஸரில் முதல் சூட்டில் லேசாகப் புகையும் எண்ணெய் வாடையும் வரும். பயந்துவிட்டு போன் போடுகிறவர்கள் உண்டு.

காற்றையும் பார்க்க வேண்டும். யார்டில் தேவைக்கு மேலேயே அடித்து வைத்திருப்பார்கள், குதிரைபோலத் துள்ளும். காலையில் டயர் சூடாகுமுன் மேனுவலில் உள்ள அளவுக்குக் குறைக்கணும்.

அக்டோபர் 3
புது டயர் வழுவழு. நூறு கிலோமீட்டர் தேயும்வரை வளைவில் சாய்க்கக் கூடாது, ஈரச் சாலையில் இன்னும் கவனம். பிரேக்கும் முதலில் பிடிக்காத மாதிரிதான் இருக்கும். காலிச் சாலையில் ஐம்பதிலிருந்து பத்துக்கு நிதானமாக அழுத்தி, விட்டு, ஆறவிட்டு, மறுபடி. பத்துப் பதினைந்து தடவையில் பேடு டிஸ்க்கோடு படிந்துவிடும். சூடாக இருக்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டாம்.

அக்டோபர் 7
நியூட்ரல் விழவில்லை. சிக்னலில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பச்சை விளக்கைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எரிச்சல். கிளட்ச் முழுசாக விடுபடாததே காரணம். புது கேபிள் இழுபட்டு லிவரில் ஆட்டம் கூடியிருக்கும். அட்ஜஸ்டரைத் திருப்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் விட்டால் போதும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேய்ந்துபோகும். இன்னொரு வழி: வண்டி நிற்பதற்கு முன்னாலேயே, உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டாவதிலிருந்து நியூட்ரலுக்குத் தட்டிவிடுவது.

அக்டோபர் 10
ஆர்பிஎம் மீட்டர் இல்லை, காதுதான் மீட்டர். ஐந்தாவது கியரில் 35இல் உதறிக்கொண்டே ஓட்டுவது, முறுக்கி ஓட்டுவதைப் போலவே கெடுதல். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போவதும் வேண்டாம். ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு படியும்.

அக்டோபர் 14
மழை. செயினைத் துடைத்து செயின் எண்ணெய் அடிக்கணும்.

அக்டோபர் 17
மீட்டரில் 480. முதல் சர்வீஸ் 500இல். தீபாவளி 20ஆம் தேதி, நாளையோடு சர்வீஸ் சென்டர் மூடுகிறார்கள். முதல் ஆயிலில் புது உலோகத் தூள் கலந்திருக்கும், அதனால் ஆயிலோடு ஃபில்டரும் மாற்றணும். 15டபிள்யூ-50 ரக ஆயில்தான் ஊற்றுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்கணும். செயின் தொய்வு, கிளட்ச் ஆட்டம் இரண்டையும் ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் சீட்டு) எழுதச் சொல்லணும். வாயால் சொன்னது நிற்காது. காலை எட்டு மணிக்கு டோக்கன்.