பருவத்தின் நடுவே மாறிய பிட்ஸ்பர்க்

ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி சோர்ந்து கிடந்தால் வீரர்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று சொல்வது வழக்கம். அந்தச் சோர்வு பெரும்பாலும் கால்களில்தான் இருக்கிறது என்பதை 2015–16 பருவத்தின் அமெரிக்க அணியான பிட்ஸ்பர்க் பென்குயின்ஸ் எனக்குப் புரியவைத்தது.

சிட்னி கிராஸ்பி, எவ்கேனி மால்கின், பில் கெஸ்ஸல் என மூன்று நட்சத்திரங்கள் இருந்தும் அவ்வணி கோல் அடிக்கத் திணறியது. டிசம்பர் 12 அன்று பயிற்சியாளர் மைக் ஜான்ஸ்டன் நீக்கப்பட்டு, வில்க்ஸ்-பாரியில் துணை அணியைப் பயிற்றுவித்துவந்த மைக் சல்லிவன் பொறுப்பேற்றார். அவர் வந்த பிறகும் முதல் நான்கு ஆட்டங்களில் தோல்விதான். பயிற்சியாளரை மாற்றியதுமே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பொது மேலாளர் ஜிம் ரதர்ஃபோர்ட், வேகம் குறைந்துவிட்ட ராப் ஸ்குடெரியைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டு, பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டு) தன் பகுதியிலிருந்து விரைந்து வெளியே கொண்டுவரும் டிரெவர் டேலியை வாங்கினார். ஜனவரியில் டேவிட் பெரோனைக் கொடுத்து அனஹைமிலிருந்து கார்ல் ஹகெலினைப் பெற்றார். பிரையன் ரஸ்ட், கோனர் ஷியரி, கோல்கீப்பர் மேட் மரே ஆகியோர் துணை அணியிலிருந்து மேலே வந்தார்கள். அவர்களுடைய ஆட்டம் சல்லிவனுக்கு ஏற்கெனவே அத்துப்படி.

மார்ச்சில் மால்கின் காயமடைந்ததும், ஹகெலின், நிக் பொனினோ, கெஸ்ஸல் மூவரும் ஒரே வரிசையில், அதாவது சேர்ந்தே களமிறங்கி மாறும் மூன்று முன்கள வீரர்களாக, ஆடத் தொடங்கினார்கள். மூலைக்கு ஓடிய பக்கை எடுக்க எதிரணித் தற்காப்பு வீரர் திரும்பும் அந்த நொடியில், ஹகெலின் அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார். அவசரத்தில் தட்டிவிடப்படும் பக்கைப் பொனினோ இடைமறிக்க, கெஸ்ஸல் கோலை நோக்கி அடிப்பார். ஒரு வரிசை ஒருமுறை களத்தில் நிற்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் எதிரணியைப் பின்னோக்கி ஓடவைத்துக் களைப்படையச் செய்தால், அடுத்து இறங்கும் கிராஸ்பிக்கு வேலை எளிதாகிறது. அணியின் உற்சாகம் என்று நாம் சொல்வது இப்படித்தான் ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகிறது என்பது என் எண்ணம்.

வழக்கமான பருவத்தில் 120 புள்ளிகள் குவித்திருந்த வாஷிங்டனை, அதன் பின் நடக்கும் பிளேஆஃப் எனும் நாக்-அவுட் தொடர்களில், மே 10 அன்று கூடுதல் நேரத்தில் பொனினோ அடித்த கோல் வெளியேற்றியது. அடுத்து, தம்பா பே அணிக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் இரண்டு கோல்களையும் ரஸ்ட் அடித்தார். இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் முடித்தவர் ஷியரி. ஜூன் 12 அன்று சான் ஹோசேயில் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வாங்கிய கிராஸ்பி, கணுக்கால் முறிவால் இறுதித் தொடரில் ஆட முடியாமல்போன டேலியிடம்தான் அதை முதலில் கொடுத்தார்.

பெரோனைக் குறை சொல்லவும் இடமில்லை. பிட்ஸ்பர்க்கில் தடுமாறிய அவர், அனஹைமுக்குப் போனதும் நன்றாகவே கோல் அடித்தார்; அங்கே மங்கிக் கிடந்த ஹகெலினோ இங்கே வந்து சுறுசுறுப்பானார்.