ஆவுரஞ்சிக் கல்லும் காணாமற்போன குளமும்: ஐந்து மாதப் பதிவு

யாழ்ப்பாணத்து வலிகாமம் மேற்கில், வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் உள்ள, மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக் கற்கள், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைத்த சுமைதாங்கிகள், கேணிகள் ஆகியவற்றைப் படமெடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்னும் திறந்த வரைபடத்தில் இடங்குறிக்கும் வேலையைச் சித்திரையில் தொடங்கினேன். வீதியை அகலித்தபோது எங்கள் சந்தியில் நின்ற சுமைதாங்கி ஒரே நாளில் இல்லாமற்போனதும், அது வீதியின் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருவேறு கருத்து எழுந்ததுமே அதற்குக் காரணம்.

இடங்குறிப்பது எளிது என்றே எண்ணியிருந்தேன். திறந்த புல்தரவையில் கைப்பேசி நாலைந்து மீற்றர் பிழையோடு இடத்தைக் காட்டியது. மாமரங்கள் கவிந்த ஒழுங்கையிலோ அதே கைப்பேசி என்னை அடுத்த வளவுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அத்தகைய புள்ளிகளை, பயன்படுத்த அனுமதியுள்ள செய்மதிப் படங்களோடு ஒப்பிட்டு வீட்டிலிருந்து திருத்தினேன்.

முப்பரிமாண உரு அமைப்பதில்தான் அதிக நாட்கள் போயின. ஒரு கல்லைச் சுற்றிவந்து, ஒவ்வொரு படமும் முந்தியதோடு பாதிக்கு மேல் ஒன்றிப் போகும்படி அறுபது எழுபது படங்கள் எடுத்து, மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால் அது உருவைக் கட்டித்தரும். முதற் கல் உருவாகவேயில்லை. யாரோ பக்தியோடு அதற்கு வெள்ளை பூசியிருந்தார்கள். வெறும் வெண்பரப்பில் படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு மென்பொருளுக்கு ஓர் அடையாளமும் கிடைக்கவில்லை. மறுநாள் கல்லைத் தொடாமல், அதைச் சுற்றி நிலத்தில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, ஓர் அடிமட்டத்தையும் வைத்து, வானம் மூடியிருந்த காலைப்பொழுதில் எடுத்த படங்கள் சரிவந்தன. கல்லில் தேய்ந்துபோயிருந்த உபயகாரரின் பெயரை வாசிக்க மட்டும், அந்தி சாய்ந்தபின் ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த ஒற்றைப் படமே இத்தனை வேலையையும்விட உதவியது.

ஆனியில், சுழிபுரம் பக்கத்தில் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வேலியோரம் நின்ற முதியவர் ஒருவர், “தம்பி, கல்லை மட்டும் படம் பிடிச்சுக்கொண்டு போறியள். மாடு முதுகு உரஞ்சவோ இஞ்ச வந்தது? தண்ணி குடிக்க வந்த இடத்திலைதான் கல்லு நட்டவை,” என்றார். “குளம் எங்கை ஐயா?” என்று கேட்டேன். அவர் கைகாட்டிய இடத்தில் புல் மூடிய பள்ளமும் அதன் நடுவே கொட்டிய கட்டட இடிபாடுகளும் கிடந்தன.

அதன்பிறகு தேடலின் திசை மாறியது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ‘மைலுக்கு ஓர் அங்குலம்’ வரைபடத்தின் பிரதியொன்றைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் விரித்தேன். ஓரத்திலிருந்த அகலாங்கு நெட்டாங்குகளை அப்படியே கொடுத்ததால் குளங்கள் யாவும் 200 மீற்றருக்கு மேல் மேற்கே விலகி வீடுகளின்மேல் விழுந்தன. அந்த வரைபடம் அகலாங்கு நெட்டாங்குகளைக் கணக்கிடுவதற்கான கந்தவல என்னும் பழைய அளவை அடிப்படையில் வரையப்பட்டது என்பதும், கைப்பேசி கையாளும் அடிப்படை வேறு என்பதும் ஒரு வாரம் வீணான பின்னரே விளங்கியது. அதைச் சீராக்கியதும், நான் குறித்திருந்த ஒன்பது கற்களில் ஆறு நீர்நிலைக் கரைகளில் அமர்ந்தன. அவற்றுள் மூன்று நீர்நிலைகள் இன்றைய செய்மதிப் படத்தில் இல்லை.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கை ஆறும் மழைக்காலத்தில் மட்டுமே அராலிப் பக்கமாகப் போய்க் கடல்நீரேரியில் விழுகிறது. நாம் கிணற்றில் அள்ளுவது, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் ஊறி உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரையே. குளத்தைத் தூர்த்தால் அந்த ஊற்றுக்கு வழி குறைகிறது. ஆகவே கல்லைப் பழம்பொருளாகவும் குளத்தைச் சுற்றாடலாகவும் இரண்டு கோப்புகளில் பிரித்து வைத்திருந்தது என் அறியாமை. இப்போது இரண்டும் ஒரே பதிவில், தமிழ்ப் பெயரோடு இருக்கின்றன.

படங்களை விக்கிமீடியா பொதுவகத்திலும், மூலக்கோப்புகளை இரு வன்தட்டுகளிலும் வைத்துள்ளேன். 1981இல் நூலகம் எரிந்த ஊரில் ஒற்றைப் பிரதியின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. ஐப்பசி மழை இறங்கியதும், அந்த மூன்று பள்ளங்களிலும் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று குறிக்க ஒரு கொப்பியும் அளவுத்தடியும் எடுத்து வைத்திருக்கிறேன்.