நர்சம்மா

காசிமேட்டில் அவர் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'நர்சம்மா' என்றால் சின்னப்பிள்ளைகூடக் கொண்டுபோய் விடும். முந்தாநாள் இறந்துபோனார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஓய்வு பெற்றார் என்பது பேருக்குத்தான். டிபி மாத்திரை ஆறு மாதம் விடாமல் போட வேண்டும். இரண்டாவது மாதமே இருமல் நின்றுவிடும், ஆளும் மாத்திரையை நிறுத்திவிடுவார். கிருமி சாகாது. அடுத்த முறை அந்த மாத்திரைக்கே அடங்காமல் போகலாம். என் அப்பாவும் நிறுத்தினார். மறுநாள் விடிகாலை, ஃபைபர் போட் கிளம்பும் நேரத்துக்குக் கையில் டம்ளரோடு கரையில் நின்றார் நர்சம்மா. "அண்ணே, முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டு. அப்புறம் கடலுக்குப் போ." அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் மாதக்கணக்கில் வாயைத் திறந்து காட்டினார்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. நம்மாட்கள் வாளியால் அள்ளினார்கள். உடம்பெல்லாம் கறுப்பு, அரிப்பு. நர்சம்மா முழங்கால் வலியோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், கையுறை எங்கே என்று அங்கிருந்த அதிகாரியிடம் சண்டை போட்டார்.

நேற்று இறுதி ஊர்வலத்தில் அப்பா கடைசிவரை நடந்தார். வயது 71. மூச்சு வாங்கவில்லை.