மாணவர் எழுத்துக்கு வாசகர் வேண்டும்

பள்ளியில் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே படிக்கிறார். அவரும் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, மதிப்பெண் இட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எங்கள் ஏழாம் வகுப்புக்கென ஒரு வலைப்பூ தொடங்கியதற்குக் காரணம், அவர்கள் எழுதுவதைத் தெரிந்துகொள்ளும் ஆவலோடு படிக்கும் ஒருவர் வேண்டும் என்பதே.

இந்த எண்ணம் இணையத்துக்கு மிகவும் முற்பட்டது. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்று, வகுப்பில் நெடுநேரம் பேச இயலாமற்போன பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே, 1920களில் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் தம் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தாமே எழுதி, தாமே அச்சுக் கோத்து, நாட்டின் மறுகோடியில் பிரெத்தாஞ் பகுதியிலிருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் பதில் எழுத்துகள் வந்தன. நம் பள்ளிகளின் கையெழுத்துப் பத்திரிகைகள் அருமையானவை என்றாலும், அவை வளாகத்தைத் தாண்டுவது அரிது.

எங்கள் மாணவி ஒருத்தி தன் தாத்தா பதநீர் இறக்குவதைப் பற்றி எழுதினாள். பாளை சீவுவதையும் கலயம் கட்டுவதையும் விவரித்தவள், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதை ஒரே வரியில் கடந்துவிட்டாள்; அவள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வெளியூர் வாசகர் ஒருவர் அது எதற்கு என்று கேட்டிருந்தார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதையும், கூடிப்போனால் சுவை கெடும் என்பதையும் தாத்தாவிடம் கேட்டுவந்து, யாரும் சொல்லாமலே அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினாள். ‘விரிவாக எழுதுக’ என்று நான் ஓரத்தில் எழுதிய குறிப்பு எதற்கும் இப்படி ஒரு பலன் கிடைத்ததில்லை.

முதலில் எழுதுவது குறிப்பேட்டில்தான். பிறகு அதைக் கைபேசியில் வாசித்து, பேச்சை எழுத்தாக்கும் வசதியால் ஏற்றுகிறார்கள். அந்த வசதி ழகரத்தை லகரமாக்கி, ஒற்றுகளை விழுங்கிவிடுவதால், குறிப்பேட்டோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். சந்தி இலக்கணத்தை அவர்கள் தேவை கருதிக் கேட்பது அப்போதுதான். ஆசிரியர் மெருகேற்றிய கட்டுரையை மாணவர் பெயரில் வெளியிடுவது எனக்கு உடன்பாடன்று. நன்றாக எழுதும் நாலு பேருடையதை மட்டும் இடுவதும் அவ்வாறே.

பாதுகாப்பில் மட்டும் சிறிதும் தளர்வு கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் கேளாவிட்டாலும் நாம் கேட்க வேண்டியதே அது. முழுப்பெயர், முகப்படம், ஊர்ப்பெயர் எவையும் எங்கள் பக்கத்தில் இல்லை. வாசகர் கருத்துகள் என் பார்வைக்கு வந்த பிறகே வெளியாகின்றன. தன் எழுத்தை நீக்கிவிடும்படி ஒரு பிள்ளை கேட்டால், காரணம் வினவாமல் அன்றே நீக்கிவிடுகிறேன்.